நாற்பத்தொரு குப்பிகள்

சிரிஞ்சின் முனையைப் பாட்டிலுக்குள் விட்டு இழுத்தான். வலி மருந்து ஒன்றாம் கோட்டைத் தாண்டி இரண்டாம் கோட்டுக்கு வந்ததும் விரலை நிறுத்திக்கொண்டான். நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளில் ஐந்து என்று இருந்தது. அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முக்கால்வாசி இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

"மருந்து கூட என்னடா பேச்சு?" என்றாள் அக்கா, படுக்கையிலிருந்து.

"வாயத் திற."

நாக்குக்கு அடியில் விட்டான். அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். பிடித்த கையின் கணுக்கள் வெளுத்தன. மூன்று நாளாக இப்படித்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பையில் இருக்கும் கடைசி ஃபியூஸை எந்தக் கட்டடத்திலும் மாட்டிவிட்டு வராத ஆள். "நாளைக்கு வேற எங்கயாவது புடுங்கிக்கிச்சுன்னா?" என்பான். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இருவரையும் விட்டால் அந்த வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு நோய் என்று தெரிந்த மாதத்தில் பொழுதுபோக்குக்காக ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் ஒரு விளையாட்டு. காடு, மலை, பூதங்கள், ஆளுக்கொரு வீரன்.

பூதங்களை வெட்டுவது அக்காவின் வேலை. வைத்தியம் அவனுடையது. அருவிக்குப் பின்னால் பாறையைத் தடவி நீலப்பாசி பறிப்பான். சதுப்பில் முயல்காது இலை தேடுவான். இரண்டு பிடி பாசி, ஒரு பிடி இலை, ஊற்றுத் தண்ணீர். கொப்பரையில் போட்டுக் காய்ச்சினால் ஒரு குப்பி சஞ்சீவி. குடித்தால் போன உயிர் திரும்பும். அக்கா கீறல் பட்டாலே ஒன்றைக் குடித்துவிடுவாள். அவன் குடிக்கவே மாட்டான். அவனுடைய வீரன் மயிரிழை உயிரோடு நொண்டிக்கொண்டே திரிவான். பையில் நாற்பத்தொரு குப்பிகள்.

"கஞ்சப் பிசினாரி! அத வெச்சு ஊறுகாயா போடப்போற?"

"கடைசி மலையில பெரிய பூதம் இருக்காம். அப்ப வேணும்."

கடைசி வாரத்தில் வலி மிக அதிகமாகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவன் மனது அந்த மலைக்குத்தான் போனது. இன்று சனிக்கிழமை. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. பாட்டில் காலியாகி, அப்போது பார்த்து அது வந்தால்?

பத்தே காலுக்கு அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கி அடக்கி, பல்லுக்கு நடுவே வந்த சத்தம். அவன் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, நர்ஸுக்கு போன் போட்டான்.

"சிஸ்டர், லீவு நாள்ல மருந்து தீர்ந்துபோச்சுன்னா எங்க கிடைக்கும்?"

"தீரப்போகுதாண்ணே? எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"முக்கால் பாட்டில்."

மறுமுனையில் ஸ்கூட்டர் இன்ஜின் நின்றது.

"செவ்வாக்கிழமை கொடுத்த பாட்டில். இந்நேரம் பாதிக்குக் கீழ போயிருக்கணுமே. ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?"

"ரெண்டு."

"அஞ்சுன்னு எழுதியிருக்கேனே அண்ணே!"

"கடைசியில ரொம்ப வலிக்கும்னாங்க. அப்ப இல்லாம போயிட்டா..."

"தீர்ந்தா இன்னொரு பாட்டில். ஒரு போன் அடிச்சா ஒரு மணி நேரத்துல வரும். எத்தனை வேணாலும் வரும்." அவள் குரல் இறங்கியது. "இன்னும் கடைசின்னு எதை வெச்சிருக்கீங்க நீங்க? போய் மிச்சத்தைக் கொடுங்க. இப்பவே. நான் ஒரு வீட்ட முடிச்சிட்டு வர்றேன்."

சிரிஞ்ச் இரண்டு முறை பாட்டிலின் வாயில் இடித்தது. குறைந்த மூன்றையும் இழுத்தான். இந்த முறை அக்காவின் முகத்துக்கு நேரே நின்று கொடுத்தான்.

"போன்ல திட்டு பலமோ?" என்றாள் அவள்.

"உனக்கு நான் குறைச்சுத்தான் கொடுத்தேன்க்கா."

"தெரியும்."

"எப்படி?"

"அரை மில்லிமீட்டர் பிசகினா லென்ஸத் திருப்பி அனுப்பறவ நான். ரெண்டாம் கோடு தெரியாதா எனக்கு?"

"அப்ப வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

அக்கா கூரையைப் பார்த்தாள்.

"நீ மிச்சம் புடிக்கறதப் பாக்கையில, எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்காப்பல இருந்துச்சுடா."

அவன் போர்வையின் ஓரத்தை மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

பத்தே முக்காலுக்குக் கட்டில் சட்டத்திலிருந்து அவள் கை தானாக நழுவியது. ஐந்து நிமிடம் அவன் நம்பவில்லை. வலி திரும்புகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை ஏன்டா மீட்டர் பாக்கற மாதிரி பாக்கற? பொட்டியத் திற. காட்டுக்குப் போவோம்."

டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்தான். அவனுடைய வீரன் மரத்தடியில் முதுகு வளைந்து நின்றான்.

"ஒண்ணு குடி."

"இப்ப சண்டை ஒண்ணும் இல்லையே."

"குடின்னா குடி."

குடித்தான். நாற்பது. உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நிறைந்தது. வீரன் நிமிர்ந்தான். இத்தனை உயரமா இவன் என்று இருவருக்குமே சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணு."

"உயிர்தான் முழுசா இருக்கேக்கா!"

"ருசிக்குக் குடி."

முப்பத்தேழு மிஞ்சும் வரை குடிக்க வைத்தாள். பிறகு சும்மா நடக்கச் சொன்னாள். அருவி வந்தது. அவன் விரல் பழக்கத்தில் பாறைப் பக்கம் போனது.

"பாசியப் பறிக்காத. நட."

நடந்தான். மலைச்சரிவு தாண்டி, பாலம் தாண்டி, இதுவரை போகாத ஒரு வெளி வந்தது. "இங்க என்ன இருக்குக்கா?" என்று கேட்டான். திரும்பிப் பார்த்தான். தூங்கியிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுடைய மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. அவன் எண்ணினான். ஏழு. ஒன்பது. ஒரு தடவை பதினெட்டு வரை போய், அவன் எழுந்தே விட்டான். மூச்சு வந்தது. உட்கார்ந்தான். மூணு கூடிப்போச்சோ? ரெண்டோடயே விட்டிருக்கணுமோ? கடிகாரம் ஒன்றைக் காட்டியபோது மறுபடி எண்ணத் தொடங்கினான். நாற்பது வந்தது. அறுபது வந்தது. நூறுக்கு மேலும் எண்ணிக்கொண்டே இருந்தான்.

ஒன்றரைக்கு நர்ஸ் வந்தாள். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு அதைக் கழற்றி, அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கொடுத்ததாலயா சிஸ்டர்?"

"இல்லண்ணே. நேத்தே கால் சில்லிட்டுப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது அதோட போக்குல வந்துச்சு. மருந்து அவங்களத் தூங்க வெச்சுச்சு, அவ்வளவுதான்."

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். வயது கேட்டாள். கடைசி மூச்சு எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஒண்ணு."

"கடைசியா வலியில்லாம எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

அவன் அக்காவின் விரிந்திருந்த கையைப் பார்த்தான்.

"ரெண்டு மணி நேரம்."

எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள் நர்ஸ். உறவினர் முகவரி கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளுடைய பேனா காத்திருந்தது.

"ரெண்டே கால்," என்றான். "ரெண்டே கால்னு எழுதுங்க."

அவள் முன்னால் எழுதியதை அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதினாள்.