வேலியில வெள்ளைச் சட்டை

டாக்டர் சொன்னதும் எனக்கு அழுகை வரல, கோபம்தான் வந்துச்சு. "இந்தக் காத்துல இருந்தா மாதவிக்கு இழுப்பு குறையாதும்மா, வேற இடம் பாருங்க"ன்னார். என் புருஷன் யுகேந்திரன் அன்னிக்கே சுங்கை பூலோவுல வாடகை வீடு தேட ஆரம்பிச்சிட்டார். நான் வர மாட்டேன்னுட்டேன். என் பொண்ணு எதுக்குப் போகணும்? புகை விடுறவன் போகட்டும்.

எங்க தாமான், அதான் நாங்க இருக்கிற குடியிருப்பு, கிள்ளான்ல, காப்பார் பக்கம். பின் ரோட்டைத் தாண்டினா ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரி. எந்தெந்த நாட்டுக் குப்பையோ கண்டெய்னர்ல வந்து இறங்கும். ஒண்ணுத்துக்கும் ஆகாததைக் குவிச்சு வச்சுக் கொளுத்துவானுங்க. அதுவும் சனி ஞாயிறு பார்த்து, ஏன்னா அன்னிக்கு ஆபீஸ் எல்லாம் லீவு. நான் புகார் கொடுத்தா புதன்கிழமை ஆபீசர் வருவார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, "ஒரு வாடையும் இல்லையே, பூவான்"னு மரியாதையாச் சொல்வார். போன்ல எடுத்த படத்தைக் காட்டினேன். பனிமூட்டமா இருக்கும்னார். கிள்ளான்ல பனிமூட்டம். மனுஷன் கேமரன் மலைன்னு நினைச்சிட்டார் போல.

தாமான் வாட்சப் குரூப்லயும் போட்டேன். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்களே தவிர, ஒருத்தரும் கேட்டைத் திறந்து வெளியே வரல.

ஒரு சனிக்கிழமை வழக்கம்போல மாதவியோட ஸ்கூல் சட்டையைத் துவைச்சுக் கொடியில போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனா வெள்ளைச் சட்டை பூரா கரித்தூள். தட்டிவிட்டேன், போகல, இன்னும் இழுவிக்கிச்சு. உள்ளே அவ இன்ஹேலரை வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டு இருந்தா. சட்டை மேலேயே இவ்வளவுன்னா பிள்ளை நெஞ்சுக்குள்ள எவ்வளவு இருக்கும்?

சட்டையை எடுத்துக்கிட்டு நேரா போய் ஃபேக்டரி வேலியில மாட்டினேன். காவலுக்கு நின்னவர், "இங்க போடக்கூடாது, ஆன்டி"ன்னார். "உங்க கரிதானே, நீங்களே வச்சுக்குங்க"ன்னேன். அதைப் படம் எடுத்து குரூப்ல போட்டேன். "இது என் பொண்ணு சட்டை. உங்க வீட்டுத் துணி எப்படி இருக்கு?"

இந்த வாட்டி கட்டைவிரல்கூட வரல. சரி, நம்ம பாடு இவ்வளவுதான்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில போனா, என் சட்டைக்குப் பக்கத்துல மூலை வீட்டு மலாய்க்காரம்மா மக்சிக் ரொஹானா அவங்க பேரன் சட்டையைக் கிளிப் போட்டு மாட்டிக்கிட்டு இருக்காங்க. "நானும் தினம் இருமுறேன், லோகேஸ். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்"னாங்க. அவங்களுக்குப் பின்னால தங்கரத்தினம் அங்கிள், சிலோன்காரர், கவர்மென்ட் வேலையில இருந்து ரிட்டையர் ஆனவர், கையில ரெண்டு வெள்ளைச் சட்டையோட. "என்ட மனிசிக்கு இருமல். சாம்பிராணிப் புகைதான் எண்டு வீட்டில சாம்பிராணியே நிப்பாட்டிப் போட்டன்"னார். அடப்பாவமே, இத்தனை நாளா ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அப்பதான் அழுகை வந்துச்சு.

கரி பிடிச்சதை மாட்டினா ஃபேக்டரிக்காரனுக்கு உறைக்காது, துவைச்ச துணியைக் கொண்டுபோய்க் காயப்போடுவோம்னு அங்கேயே பேசி வச்சோம்.

அடுத்த சனிக்கிழமை, அவனுங்க கொளுத்துறதுக்கு முன்னாடியே பக்கெட்டும் கையுமா கிளம்பிட்டோம். ஸ்கூல் சட்டை, பாஜு குரோங், நர்ஸ் யூனிஃபார்ம், வேட்டின்னு வெள்ளையா என்னென்ன இருக்கோ அத்தனையும் வந்துச்சு. சுங்கை பூலோ வீட்டுச் சாவி வாங்கப் போறேன்னு கிளம்பின என் புருஷன், போகாம தான் ஓட்டுற லோரியைக் கொண்டுவந்து ஓரமா நிறுத்தி, அதுல இருந்து லைட் கம்பம் வரைக்கும் கயிறு கட்டினார். துவைச்ச மாதவி சட்டையை நான் முதல்ல அதுல போட்டேன்.

ஃபேக்டரி மேனேஜர் காரை விட்டு இறங்கினார். "இது பிரைவேட் இடம்"னார்.

"வேலிக்கு உள்ளதான் உங்கட இடம். இது ரோட்டு"ன்னார் தங்கரத்தினம் அங்கிள்.

"கொளுத்துறதுன்னா கொளுத்துங்க, பாஸ்"னு நான் சொன்னேன். "எங்க கண்ணு முன்னால, எங்க துணி மேல. ஒரு பொட்டுக் கரி விழட்டும், எந்த ஆபீசர் பனிமூட்டம்னு சொல்றார்னு பார்த்துடலாம்."

ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். குப்பை மேடு அப்படியே கிடந்துச்சு. ஒருத்தனும் கிட்டப் போகல. என் பக்கத்துல நின்ன மாதவி மத்தியானம் வரைக்கும் இன்ஹேலரைத் தொடல. நான் அவ வாயையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

வெயில் சாயுற நேரத்துல மேனேஜர் மறுபடி வந்தார். "இதையெல்லாம் எப்ப எடுப்பீங்க?"

"காஞ்சதும்."

அவர் மாதவி சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிடுச்சே."

நான் சட்டையைக் கயித்துல இருந்து இறக்கினேன். ஒரு பொட்டு இல்ல, அப்படி ஒரு வெள்ளை. கால்கிட்ட இருந்த தண்ணி பக்கெட்டுல அதை நல்லா முக்கிப் பிழிஞ்சு, திரும்பவும் கயித்துல போட்டேன்.

"இல்லையே, பாஸ். இன்னும் ஈரமாத்தானே இருக்கு."

மக்சிக் ரொஹானா பேரன் சட்டையை இறக்கிக்கிட்டு, பக்கெட்டை இந்தப் பக்கம் தள்ளுன்னு கையைக் காட்டினாங்க.