ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிற லாரி

நெட்டையனின் லாரி சமதரையில் தங்கமான பிள்ளை. மலைப்பாதையில் ரெண்டு வளைவு ஏறினால் போதும், அதற்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இத்தனைக்கும் மலை ஏறுவதற்கென்றே எஞ்சினில் வேலை செய்து எடுத்த வண்டி அது. கீழே ஆலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றி, மலைமேல் அணை கட்டுகிற இடத்தில் இறக்கிவிட்டு வருவதுதான் அவன் பிழைப்பு. முன்பெல்லாம் பாரத்தோடு வளைவில் திரும்பினால் வண்டி முக்கி முனகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்குவார்கள். அதனால்தான் சகலையிடம் போனான்.

சகலை என்றால் அவன் மனைவியின் அக்காள் புருஷன். பட்டறை வைத்திருப்பவர். எல்லோருக்கும் பட்டறைக்காரர், நெட்டையனுக்கு அண்ணன். லேத்தில் அவர் கடைந்தெடுத்த சாமானில் ஒரு பிசிறு இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய் உட்காருகிற வளையமானாலும் விளிம்பை மழுக்கி, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

"பெரிய டர்போ ஒண்ணு போட்டு, டீசல் பம்பையும் திருத்தி விடுறேன் தம்பி. அப்புறம் பாருங்க, ஏத்தம் இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது" என்றார்.

சொன்னபடியே இழுவை கூடியது. ஆனால் முதல் நடையிலேயே பாதி மலையில் சூடு காட்டுகிற மீட்டர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, ஆறவைத்து, மறுபடி ஏறி, மறுபடி ஓரங்கட்டி, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தான்.

பட்டறைக்காரர் அக்கறையாகத்தான் பார்த்தார். "பவரைக் கூட்டினா சூடும் கூடத்தான் செய்யும். கண்டுபிடிச்சிரலாம்" என்று தோளில் தட்டினார். சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் காட்டினார். அது ஒழுங்காகத் திறந்தது. ஆனாலும் புதுசு மாட்டினார். ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய் குழாயாகக் குத்தி எடுத்தார். வாட்டர் பம்பை மாற்றினார், ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று தண்ணீரில் புகை வருகிறதா எனக் குனிந்து குனிந்து பார்த்தார். நெட்டையன் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். நம் ஆளாக இருக்கப்போய் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வெளிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்து மலை ஏறினால் மறுபடி கொதிக்கும்.

கடைசியில் ஒருநாள் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. கியரை எப்ப இறக்குறீங்க? வண்டியைக் கொஞ்சம் அடிச்சு ஓட்டுறீங்களோ?"

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. பேச்சும் எப்படியோ வெளியே கசிந்தது. மேலே இறக்குமிடத்தில் டிரைவர்கள், "வண்டியில கோளாறு இல்லையாம், காலில்தான் கோளாறாம்" என்று சிரித்தார்கள். வீட்டில் மனைவியும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பேசாம கீழ்லைனுக்கு மாறிக்கோங்களேன். ஆலையிலிருந்து ரயிலடிக்கு ஓட்டினா போதாதா? பொழுது சாய வீட்டுக்கு வந்துரலாம்" என்பாள். தலையெழுத்தா என்று எழுந்து போய்விடுவான். ஆனால் தனியாக ஓட்டும்போது அவனுக்கே சந்தேகம் வந்தது. ஆயுசில் பாதியை ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தவன், கியர் போடும்போது தன் காலையே கீழே குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. செங்குத்தான ஒரு திருப்பத்தில் ஆவி பீறிட்டு, எஞ்சின் தானாகவே நின்றுபோனது. எஞ்சின் நின்றதில் பிரேக்கும் பிடிக்கவில்லை; மிதித்தும் முழுப் பாரத்தோடு வண்டி பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் தாடிக்காரன் என்று கூப்பிடப்படுகிற டிரைவரின் வண்டி. அவன் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்கடியில் ஒரு பாறாங்கல்லை உருட்டித் தள்ளினான். வண்டி கல்லில் ஏறி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம்.

அதை வீட்டில் சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் மட்டும் சொன்னான். கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அய்யய்யோ" என்றார். கொஞ்ச நேரம் லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாலு நாள் மலைக்குப் போகாதீங்க தம்பி. வேணாம்" என்றார். நம்மேல் எவ்வளவு பாசம் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் அணைக்காரர்கள் அவசரப்படுத்தவே பாதிப் பாரத்தோடு மலை ஏறினான். அடிவாரம் தாண்டி முள் மேலே போனதும், அகலமான ஓர் இடத்தில் நிறுத்தினான். கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிடலாம் என்று, ரேடியேட்டரின் அடியில் இருக்கிற திருகைத் துணி சுற்றித் திருகினான். சிந்திய தண்ணீர் தவறிப்போய் முழங்கையில் பட்டது. துள்ளிக்கொண்டு பின்வாங்கியவன் அப்படியே நின்றான்.

சுடவில்லை. குளிக்கப் பதமாக இருந்தது.

மேலே உள்ள குழாயில் எச்சிலைத் தொட்டு வைத்தால் சுர்ரென்றது. அங்கே கொதிநீர், இங்கே வெதுவெதுப்பு. நெட்டையன் பாதையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து யோசித்தான். அப்படியென்றால் ரேடியேட்டர் தன் வேலையை நன்றாகத்தான் செய்கிறது. வந்த தண்ணீரை ஆற அமரக் குளிரவைக்கிறது. ஆறின தண்ணீர்தான் எஞ்சினுக்குத் திரும்பிப் போகவில்லை. வழியில் எங்கோ தடுத்து நிற்கிறது. சமதரையில் எஞ்சினுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், சமாளித்துக்கொள்ளும். ஏற்றத்தில் போதாது.

ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கையால் நீவிக்கொண்டே போனான். இந்த முனையில் இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், அந்த முனையில் ஒரு கிளாம்ப். நடுவில், பம்புக்குச் சற்று முன்னால், இன்னொரு கிளாம்ப். அதை முன்பே பார்த்திருக்கிறான். "ஒரு பிடி கூடுதலா இருக்கட்டும் தம்பி" என்று அண்ணன் சொல்லியிருந்தார். சரிதான் என்று விட்டிருந்தான்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அதையும் பம்பு முனைக் கிளாம்பையும் தளர்த்தி ஹோஸை உருவினான். உள்ளே விரலை விட்டான். இரும்பு தட்டுப்பட்டது. கம்பியை வைத்து நெம்பி எடுத்தான். வட்டமான தகடு, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. கிளாம்ப் பிடித்துக்கொள்ள வசதியாகச் சுற்றிலும் ஒரு பள்ளம் கடைந்திருந்தது.

விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். மழமழவென்று இருந்தது. நகம் எங்கேயும் மாட்டவில்லை. ஊரில் எத்தனையோ லேத் இருக்கலாம், அந்த விளிம்பு ஒரே ஒருவருடையதுதான்.

அந்தப் பாதையில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறான். அன்றைக்குப் பயமில்லை. அந்த மனுஷன் குனிந்து குனிந்து தேடினாரே, நாமும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றோமே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. தான் ஒளித்துவைத்ததைத் தானே தேடியிருக்கிறார்.

ஹோஸை மாட்டித் தண்ணீர் ஊற்றி, பாரத்தை மேலே இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனான். தகட்டை லேத்தின்மேல் வைத்தான். பட்டறைக்காரர் அதைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

"ஏன்ணே?" என்றான் நெட்டையன். அவன் கத்தவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"நானா பண்ணலை தம்பி. உங்க வீட்ல வந்து கேட்டுச்சு. அழுதுச்சு."

"யாரு?"

"உங்க சம்சாரம்தான். நீங்க ஸ்டியரிங்கிலேயே தூங்கிட்டீங்களாமே, ஓரக்கல்லுல மோதி முழிச்சீங்களாமே. எப்படியாவது மலைக்குப் போகவிடாம பண்ணுங்க மாமான்னு காலைப் பிடிக்காத குறையா நின்னுச்சு. நான் வேலையைச் செய்யமாட்டேன்னு சொன்னா நீங்க வேற பட்டறைக்குப் போவீங்க. அதான்... சூடாச்சுன்னா அலுத்துப்போய் லைனை மாத்திக்குவீங்கன்னு நினைச்சேன்."

நெட்டையன் அங்கிருந்த டயரில் உட்கார்ந்தான். தூங்கிப்போனதை அவன் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தான்.

"சரி. அவளுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியுமே. வண்டி பின்னால உருண்டுச்சுன்னு வந்து சொன்னேனே, அன்னிக்கே இதைக் கழட்டியிருக்கலாம்ல?"

பட்டறைக்காரர் கழுத்தைத் துடைத்தார். "கழட்டணும்னுதான் இருந்தேன். கழட்டினா உடனே சரியாயிரும். என்ன பண்ணீங்கன்னு கேப்பீங்க. என்ன சொல்றதுன்னு தெரியலை. மலைக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"மானத்தைக் காப்பாத்திக்கிட்டீங்க."

"தம்பி..."

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க" என்று எழுந்தான் நெட்டையன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். உங்ககிட்ட வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன், கேட்டீங்களா? இனிமே ராத்திரி நடை போகமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்க. அடுத்த வாரமே போனீங்க. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு."

அதில் அவனால் மறுக்க முடிந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"ஊரே என்னை ஓட்டத் தெரியாதவன்னு சிரிச்சுச்சே. நானே அதை நம்ப ஆரம்பிச்சிட்டேன். ராத்திரி எத்தனை தடவை உன்கிட்டப் புலம்பினேன்? 'என் கைதான் கெட்டுப்போச்சா'ன்னு கேட்டேனே. முதுகைத் தடவிக் கொடுத்தியே, அப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஆள் வீட்டுல இருந்தாப் போதும்னு தோணுச்சு."

அப்போதுதான் வண்டி பின்னால் உருண்ட கதையைச் சொன்னான். பள்ளம், பாறாங்கல், தாடிக்காரன், ஒன்று விடாமல். கேட்கக் கேட்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "வண்டி இழுக்காது, அவ்வளவுதான்னு மாமா சொன்னாரு. இப்படி ஆகும்னு சொல்லலைங்க. சத்தியமா சொல்லலை."

அவள் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளைத் தூக்கிவிட அவன் குனியவில்லை.

மறுநாள் காலை அவன் ஆலைக்குக் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டினாள். "நானும் வர்றேன்" என்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவளே கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

முழுப் பாரம். வளைவுக்கு வளைவு கியரை இறக்கி ஏற்றினான். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினான். ஆனால் சந்தோஷப்பட மனசு வரவில்லை. செங்குத்தான அந்தத் திருப்பம் வந்தபோது அவள் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தாள். உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கை மட்டும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி மேலே போகும்வரை விடவேயில்லை.

இறக்குமிடத்தில் தாடிக்காரன் ஓடிவந்தான். "நிக்காமலே வந்துட்டியேப்பா! என்னதான் கோளாறு?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நெட்டையன் கதவைச் சாத்திவிட்டு இறங்கினான்.

"ஹோஸ்ல அடைப்பு" என்றான்.

"இதைக்கூடவா உன் சகலை பார்க்கலை? அவ்வளவு பெரிய வேலைக்காரராச்சே!"

"கண்ணுல படலை போல" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க வண்டியின் பின்பக்கம் போனான். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அதோடு நெடுநேரம் மல்லுக்கட்டினான்.