சொந்த நலன்

மனைவி இறந்த ஆறாம் நாள், திங்கட்கிழமை, கேஷியர் சட்டமன்றத்துக்குப் போனார்.

இருபத்திரண்டு வருடம் ஒரு வங்கியில் பணம் வாங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர். தேர்தலில் நின்று, கட்சிக்காரர்களே எதிர்பார்க்காமல் ஜெயித்துவிட்டார். எதிர்க்கட்சியில் கடைசி வரிசை. பட்ஜெட் புத்தகத்தை எல்லோரும் முன்னாலிருந்து புரட்டினால் இவர் பின்னாலிருந்து புரட்டுவார். போன வருடம் ஒதுக்கியதில் செலவாகாமல் திரும்பிப் போனது எவ்வளவு என்பது கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். பட்ஜெட், வீட்டுவசதி, வங்கி இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் வாய் திறக்க மாட்டார். இந்த மூன்றில் வாயை மூட மாட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான் கேஷியர். நாளாவட்டத்தில் சொந்தக் கட்சியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"இந்த வாரம் போகாட்டி என்னப்பா? யாரு கேக்கப் போறாங்க?" என்றாள் மகள்.

"பேசறதுக்குப் பேர் குடுத்திருக்கேன்."

துக்கம் தாங்காமல் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார் என்று மகள் நினைத்தாள். துக்கம் வந்தால்தானே தாங்குவதற்கு? பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது அவருக்கு. தொட்டால் தொடுவது தெரிந்தது. யாருடைய கன்னம் என்றுதான் தெரியவில்லை.

சபாநாயகர் இரங்கல் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். கேஷியர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஏழைகளுக்கு வீடு கட்ட ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்கு செங்கல்லாக மாறாமலே கஜானாவுக்குத் திரும்பிவிட்டது என்றார்.

"கேஷியர் இன்னைக்கும் சில்லறை எண்ண ஆரம்பிச்சிட்டாரு!" என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் பழக்கதோஷத்தில் கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையில் பாதிச் சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.

"நோட்டெல்லாம் உங்க பக்கம் இருக்கு. எங்களுக்குச் சில்லறைதான்" என்றார் கேஷியர். இப்போது முழுச் சிரிப்பு. சரியான பதில்தான் என்று அவருக்கும் தெரிந்தது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, வங்கியிலிருந்து வந்த கடிதத்தை மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் குடியிருந்த வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வட்டி குறைவு என்பதால் கடனையும் அவள் பெயரிலேயே வாங்கினார்கள். கடன்தாரர் இறந்துவிட்டதால் முப்பது நாளுக்குள் பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும், தவறினால் வீடு பூட்டப்படும் என்றது கடிதம். கேஷியர் அதை இரண்டு தரம் படித்தார். இதே வாசகத்தில் நூறு கடிதங்களையாவது அவரே உறையில் போட்டு ஒட்டியிருப்பார்.

கடிதத்தைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. மறுநாள் வீட்டுவசதி மசோதாவுக்கு அவர் கொண்டுவந்திருந்த திருத்தம் இதைப் பற்றியது. கடன் வாங்கியவர் இறந்துபோனால், கூட வாழ்ந்தவர்கள் இருக்கும் வீட்டை ஒரு வருடம் வங்கி பூட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன், லாரி ஓட்டிய கணவனைப் பறிகொடுத்த ஒரு தையல்காரி, வங்கி தன் வீட்டைப் பூட்டிவிடும் என்று இவர் வீட்டுக்கே வந்து அழுததால் எழுதிய திருத்தம். அப்போது மனைவி உயிரோடு இருந்தாள். அந்தப் பெண்ணை உட்காரவைத்து டீ கொடுத்தவளே அவள்தான்.

தனக்கு லாபம் வரக்கூடிய விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது என்பது சபை விதி. புதன்கிழமை காலை கட்சிக் கொறடாவிடம் சொன்னார். கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஆளுங்கட்சியில மூணு பேர் எந்திரிச்சு வெளிய போறேன்னு ஒத்துக்கிட்டாங்க. உங்க ஓட்டையும் சேத்தா ஒத்த ஓட்டுல ஜெயிக்கறோம். நீங்க போடலைன்னா சமம். சமமானா சபாநாயகர் அவங்க பக்கம்தான் போடுவாரு."

"தெரியும்."

"அந்தக் கடுதாசி இன்னும் உங்களுக்கு வரலைன்னு வெச்சுக்குங்களேன். தபால்காரனா வந்து சாட்சி சொல்லப் போறான்?"

"ஃப்ரிட்ஜ் மேல இருக்குப்பா அது. காலைல பால் எடுக்கறப்போ பாத்துட்டுத்தான் வரேன்."

கொறடா திட்டத்தான் வாயெடுத்தார். எட்டு நாள் துக்கத்தில் இருப்பவரை என்னவென்று திட்டுவது? "என்னமோ செய்யுங்க" என்று போய்விட்டார்.

சபாநாயகர் வாசித்தார்: "உறுப்பினருக்கு இத்திருத்தத்தில் சொந்த நலன் இருப்பதால், அவர் பேசுவார், வாக்களிக்க மாட்டார்." கேஷியர் பேசினார். ஓட்டெடுப்பு மணி அடித்ததும் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே எண்ணினார்கள். சமமாக வந்தது. மசோதா இருந்தபடியே இருக்கட்டும் என்று சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டார். கதவருகே நின்ற காவலர் வந்து, "போயிடுச்சு சார்" என்றார். கேஷியர் தலையாட்டினார்.

பார்வையாளர் மாடத்திலிருந்து தையல்காரி படி இறங்கி நேரே அவரிடம் வந்தாள்.

"ஏன் சார் வெளிய போனீங்க?"

"விதிம்மா. நான் போடக் கூடாது."

"சொந்த நலன்னு வாசிச்சாரே பெரியவரு, அப்படின்னா என்ன? எவ்வளவு வாங்கினீங்க?"

கேஷியருக்கு யாரோ யாரையோ கேட்பதுபோல இருந்தது.

"பஸ்ஸுக்குக் கடன் வாங்கிட்டு வந்தேன் சார், என் வீடு நிக்கப் போறதைப் பாக்க. ஒத்த ஓட்டு! கையைத் தூக்கினா தேஞ்சா போயிடும்? இருங்க, நேரா உங்க வீட்டுக்குத்தான் போறேன். அக்காகிட்ட சொல்றேன். அவங்க கேக்கட்டும் உங்களை. அவங்களுக்காவது நியாயம் தெரியும்."

"அவ இல்லம்மா."

"எங்க போயிருக்காங்க?"

"செத்துப் போயிட்டா. போன வாரம் செவ்வாய்க்கிழமை."

எட்டு நாளாக மகளும் மச்சினனும்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் வாயால் அவர் சொன்னது இதுதான் முதல்முறை. சொன்ன பிறகாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தார். தாழ்வாரத்தில் யாரோ கோப்புகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

தையல்காரி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"வீடு அக்கா பேருலயா?"

"ம்."

"அதான் வெளிய போனீங்களா?"

"ம்."

"வாயில வந்ததைப் பேசிட்டேன்" என்றாள். பிறகு, "ஆனாலும் ஒத்த ஓட்டு சார்" என்றாள். அவர் அதற்கும் "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வங்கிகள் மீதான விவாதம். ஓட்டெடுப்பு கிடையாது, வெறும் பேச்சு. கேஷியர் மறுபடியும் தன் சொந்த நலனைச் சொல்லிவிட்டு, நிதியமைச்சரிடம் ஒரே கேள்வி கேட்டார். கடன்தாரர் இறந்த ஒரு வருடத்துக்குள் பூட்டிய வீடுகள் எத்தனை? அமைச்சரிடம் எண்ணிக்கை இல்லை. திரட்டித் தருவதாகச் சொன்னார்.

திரட்டினார்கள். எண்ணிக்கை அவர்களுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றரை மாதத்தில் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. இனிமேல் தொண்ணூறு நாள் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டி இன்னும் பூட்டாத வீடுகளுக்கும் இன்றிலிருந்து தொண்ணூறு நாள். கேட்டது ஒரு வருடம். கேஷியரின் வீட்டுக் கடனை அதற்குள் மகள் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். தையல்காரியால் முடியவில்லை. தொண்ணூறாம் நாள் அவள் வீட்டைப் பூட்டினார்கள். அன்று மாலை அவளே போன் செய்தாள்.

"பஸ் டிப்போ பின்னாடி ரெண்டு ரூம் பாத்துட்டேன் சார். மெஷின், பீரோ எல்லாம் உடையாம கொண்டாந்தாச்சு. தூக்கித் தெருவுல போடுவாங்கன்னு நெனச்சேன். அவகாசம் இருந்ததால மானமா வந்துட்டேன்."

"சரிம்மா" என்றார்.

அந்த வாரமே சபையின் சுருக்கெழுத்துப் பிரிவிலிருந்து உறை வந்தது. கூட்டத்தொடரில் அவர் பேசியவற்றைத் தட்டச்சு செய்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லி அனுப்புவது வழக்கம். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். பட்ஜெட் உரை கோர்வையாகத்தான் இருந்தது. எதுவும் பேசியதாக ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை உரையின் நடுவே ஒரு வரி தனியாக நின்றது: 'இவ்விடத்தில் உறுப்பினர் சற்று நேரம் பேசவில்லை.'

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது என்னம்மா? நான் நிறுத்தவே இல்லையே."

அவள் படித்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நிறுத்தினீங்கப்பா. நான் டிவியில பாத்துட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். டிவிதான் கெட்டுப்போச்சோன்னு எழுந்து போய் தட்டிப் பாத்தேன். அப்புறம் பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. அதுக்கப்புறம்தான் படம் ஓடுதுன்னே தெரிஞ்சுது."

கேஷியர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். அடித்துவிட்டால் அச்சில் வராது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது. பிறகு பேனாவை எடுத்து, பக்கத்தின் கீழே 'திருத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.