தேய்க்காமல் விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு டிஷ்யூ காகிதத்தில் மடித்து என் கைக்கு வந்தது. உள்ளே அப்பாவின் முன்பல்லுக்கு மாட்டியிருந்த கேப், அதாவது பல்லுறை. ஒட்டி நான்கே நாள். ஒட்டியவள் என் அக்கா, பல் டாக்டர்.

"பற்களும் உறவுகளும் ஒருவகையில்…" என்று ஆரம்பித்தேன். சகிக்கவில்லை.

அடுத்த முயற்சி: "அப்பா வேர்க்கடலை கடித்தபோது கேப் கழன்றது." வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். பொய் என்னுடையதல்ல, அப்பாவுடையது.

2

"உன் மேல தப்பில்லம்மா. நான்தான் ஆசைப்பட்டு வேர்க்கடலை கடிச்சிட்டேன்."

அக்கா கேப்பை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிமெண்ட் முழுவதும் கேப்புக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் பல்லில் ஒரு துணுக்குகூட இல்லை.

"கடலை மேல பழி போடாதீங்கப்பா. சிமெண்ட் பல்லைப் பிடிக்கவே இல்ல. நான் சரியா தேய்க்கல."

(கேப் தயாராகும்வரை தற்காலிகமாக ஒன்றை லேசான சிமெண்டால் ஒட்டிவைப்பார்கள். அதைக் கழற்றிய பிறகும் பல்லில் மெல்லிய படலம் மிச்சமிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சொரசொரப்பான பொடி போட்டுச் சுழலும் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். இல்லையென்றால் புது சிமெண்ட் அந்தப் படலத்தின் மேல்தான் உட்காரும்.)

மற்றவர்கள் பல்லையெல்லாம் தயவுதாட்சண்யம் பார்க்காமல் தேய்க்கிறவள். கேப் ஒட்டிய அன்று பிரஷ் பட்டதும் அப்பா "ஸ்ஸ்" என்றார். அவள் கையை எடுத்துவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

(மரத்துப்போக ஊசி போடக் கூடாதா என்பீர்கள். ஊசியைக் கண்டால் அப்பா வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடுவார்.)

"இந்தத் தடவையும் விழுந்தா வேற டாக்டர்கிட்ட போயிடுங்க. அப்புறம் நான் உங்களைத் தொட மாட்டேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"நீ இருக்கிறப்ப இன்னொருத்தர்கிட்ட வாயைத் திறப்பேனா?"

3

இந்த அப்பாவை நம்ப முடியவில்லை, இல்லையா? எனக்கும்தான். மகளுக்காகக் கடலை மேல் பொய் சொல்லும் தங்கமான மனிதர். நானும் அவருக்கு வலிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

சரி, தேய்க்கிறேன். அக்கா பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது, "கண்டவன் வாய்க்குள்ள கைய விடுற பொழப்பா?" என்று கேட்டு, ஒரு மாதம் அவளோடு பேசாதவர் இவர்.

இப்போது அவளைத் தவிர யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாராம்.

4

மறுபடி அதே நாற்காலி. அக்கா தலைமாட்டில், நான் கால்மாட்டில். பிரஷ் சுழன்றது. அவள் நிறுத்தி, "வலிக்குதாப்பா?" என்றாள்.

"இல்லம்மா. நீ நல்லா தேய்."

முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அவருடைய கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

முடிவு அ: "வலிக்குதுக்கா" என்கிறேன். அவள் நிறுத்துகிறாள். கேப் மறுபடி…

முடிவு ஆ: நான் வாயே திறக்கவில்லை. அவள் பாட்டுக்கு…

இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்தேன். உண்மையில், நான் அந்த விரல்களைக் கையால் பொத்திக்கொண்டேன். அக்கா பிரஷ்ஷைப் பல்லருகே பிடித்தபடியே என்னிடம் கேட்டாள்:

"அவர் பொய் சொல்வார். நீ சொல்லுடா, வலிக்குதா?"

அப்பா காலால் என் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினார்.

நான் சொன்ன பதிலுக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அக்கா இதைப் படிப்பாள்.

"…………"