அருவி ஒன்று, நிறம் வெள்ளை

"இமயமலையில காணாமப் போன ஒரு அருவியைக் கண்டுபிடிச்சு, உரியவங்ககிட்ட ஒப்படைச்சு, கையெழுத்தும் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் அட்டைக்காரர், கம்பளிக் காலுறையைக் கழற்றிக்கொண்டே.

எதிரே உட்கார்ந்திருந்த மச்சினன் காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எதுல வெச்சுக் கொடுத்தீங்க அத்தான்? குடத்துலயா, பக்கெட்லயா?"

ரயில் நிலையத்துத் தொலைந்த பொருள் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவர் அட்டைக்காரர். குடை, செருப்பு, பல்செட்டு, ஒருமுறை ஒரு முழு பீரோ என்று எது வந்து சேர்ந்தாலும், அதில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டிக் கிடைத்த இடம், நேரம், நிறம், நிலை எழுதிவைப்பார். உரியவர் வந்தால் அட்டையின் பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்கள், மிச்சமிருந்த அட்டைக் கட்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கட்டு இல்லாமல் அவர் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

மச்சினனோ காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரிக்கிறவர். கால் உடைந்து கிடப்பவரிடம் போய், "இது உங்க கால்தானா?" என்று கேட்கிற ரகம்.

"போன வருஷம் ஆபீஸ் டூர்ல நானும் அந்த ஊருக்குத்தானே போனேன்? அருவி கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. அதை யாரு எடுத்துட்டுப் போயிருப்பா?"

"அதைத்தான் மாப்ளே நானும் அங்க கேட்டேன்" என்றார் அட்டைக்காரர். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, தம்பிக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். உப்பும் காரமும் கொஞ்சம் அட்டைக்காரர் சேர்த்தது. சமைத்த பண்டம் மட்டும் நிஜம்.

அந்த மலையூரில் அவர்கள் இறங்கிய நாளிலிருந்தே மூடுபனி. சாதாரணப் பனி இல்லை. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் யாருடைய கை என்று சொல்ல முடியாது. மனைவி மூன்று ஸ்வெட்டரும் இரண்டு சால்வையும் போட்டிருந்தாள். அவளைப் போலவே ஊரில் எல்லாப் பெண்களும் போட்டிருந்தார்கள். முதல் நாள் காலை அட்டைக்காரர் கால் மணி நேரம் வேறு யாரோ ஒரு அம்மாவிடம் தன் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாவும் தைலத்தின் பெயர் சொல்லிவிட்டுத்தான் பிரிந்தாள்.

நல்லவேளையாக டிரைவர் வாய்த்தார். அவரும் அவர் மனைவியும் நம் பக்கத்தில் பத்து வருடம் ஒரு விடுதியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர்கள். பேச்சு சுத்தமாக நம் பேச்சு.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சூரிய உதயம் பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பள்ளத்தை ஒட்டி கம்பி வேலி, ஐந்து பெஞ்சு, நூறு பேர்.

"பனிமலை எங்கப்பா?" என்றாள் மனைவி. இந்த ஒரு மலையைப் பார்க்கத்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

"எதிர்லதான் இருக்கு அக்கா."

"எதிர்ல ஒண்ணும் இல்லையே."

"இருக்கு. தெரியலை, அவ்வளவுதான்."

அட்டைக்காரர் மலையைத் தேடவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு தண்ணீர் பாட்டில் தனியாக நின்றதை அவர் கண் பார்த்துவிட்டது. பாவம், யாரோ மறந்துவிட்டார். அட்டையை எடுத்தார். "மூன்றாவது பெஞ்சு. பாட்டில் ஒன்று. நிலை: கால்வாசி தண்ணீர்." கட்டிக்கொண்டு பனிக்குள் ஓடினார்.

"சார், சார், உங்க பாட்டிலை விட்டுட்டுப் போறீங்க."

குல்லாய் போட்ட நம் ஊர்க்காரர் ஒருவர் திரும்பினார். பாட்டிலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், குழம்பிப்போய்க் கையெழுத்தும் போட்டார். பத்தடி நடந்து பாட்டிலை அட்டையோடு வேலிக்கு அப்பால் போட்டார். அது விழுவதற்குள் அட்டைக்காரர் மறுபடி அங்கே நின்றார்.

"சார், திரும்பவும் கை தவறிடுச்சு."

"தவறல பெரியவரே. நான்தான் போட்டேன்."

"போட்டீங்கன்னா? எப்போ வந்து எடுப்பீங்க?"

அவர் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு பனிக்குள் நழுவினார். அட்டைக்காரருக்கே கேள்வி சரியா தப்பா என்று தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறார், திருடியவர்களைப் பார்த்திருக்கிறார். இது எந்தப் பத்தியில் சேரும்? அன்று காலை மட்டும் இருபத்தேழு பொருளைத் திருப்பிக் கொடுத்தார். இருபத்தேழும் திரும்ப விழுந்தன.

"அவங்க தொலைக்கலைங்க, வீசிட்டுப் போறாங்க" என்றாள் மனைவி.

"இவ்வளவு தூரம் ஆசைப்பட்டு வந்த இடத்துலயா? சும்மா சொல்லாதே."

அடுத்து ஏரி. பனிக்குள் எங்கேயோ துடுப்புச் சத்தம் கேட்டது. ஏரி பார்த்தாயிற்று என்று டிரைவர் சொன்னார், இவர்களும் நம்பினார்கள். அதற்கடுத்து அருவி. அங்கே பனி கொஞ்சம் விலகியிருந்தது. வேலி இருந்தது, வழுக்கும் ஜாக்கிரதை என்று பலகை இருந்தது, அருவியின் படம் போட்ட பெரிய தட்டி இருந்தது. வந்தவர்களெல்லாம் அந்தத் தட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அருவி மட்டும் இல்லை. பாறை மொட்டையாக நின்றது.

"எட்டு மாசமா இப்படித்தான்" என்றாள் அடிவாரத்தில் டீக்கடை போட்டிருந்த பெண். டிரைவரின் மனைவி அவள்தான். "அருவி நின்னதோட ஆளும் கொறைஞ்சுபோச்சு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம் அண்ணே. வீட்டைப் பாருங்க."

கடைக்குப் பின்னால் சரிவை ஒட்டி அவர்கள் வீடு. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அரிசி டின் கட்டில்மேல், கட்டில் செங்கல்மேல், அடுப்பு ஜன்னல் திண்டின்மேல். பின்சுவரை அவள் விரலால் தொட்டாள். நனைந்த ரொட்டி போல உள்ளே போயிற்று.

"சரிவுல எங்கேயோ ஊறி வருது. எறைச்சு எறைச்சுக் கை ஓஞ்சுபோச்சு. இன்னிக்குச் சாயங்காலம் பெருமழைன்னு ரேடியோவுல சொல்லிட்டான். மழை வந்தா இந்தச் செவுரு நிக்காது. ரெண்டு மணிக்குச் சாமானை ஏத்திட்டுக் கெளம்பறோம்."

"எங்கே போவீங்க?"

டிரைவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

"ஆளுங்க வந்து பார்க்கலையா?" என்றார் அட்டைக்காரர்.

"வந்தாங்க. மேல ஊத்து நல்லா இருக்குன்னு ஒரு ஆபீசர் எழுதினார். கீழ பாறை நல்லா இருக்குன்னு இன்னொருத்தர் எழுதினார். வீட்டுக்குள்ள தண்ணி வர்றது எங்க வேலை இல்லைன்னு மூணாவது ஆள் எழுதினார்."

அட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். டீயில் இரண்டு முறை சர்க்கரை போட்டுக் கலக்கினார். அப்புறம் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, ஆபீஸ் குரலில் பேசினார். "ஒண்ணாம் பிளாட்பாரத்துல ஒருத்தர் குடையைக் காணோம்னு அழுவார். நாலாம் பிளாட்பாரத்துல கேட்பாரில்லாம ஒரு குடை கிடக்கும். நாங்க ரெண்டு குடையைத் தேட மாட்டோம். அது ஒரே குடை. நடுவுல எங்க கைமாறிச்சுன்னு மட்டும் பார்ப்போம். இங்க ஒரு தண்ணியைக் காணோம். அங்க கேட்பாரில்லாம ஒரு தண்ணி."

டீக்கடைப் பெண் கணவனைப் பார்த்தாள். "இவர் என்ன வேலை பார்த்தார்னு சொன்னீங்க?"

அருவியின் பாறைக்கு நேர் மேலே எது இருக்கிறது என்று கேட்டதற்கு டிரைவர் வானத்தைக் காட்டி, அப்புறம் யோசித்து, "காலைல நின்னோமே, அந்த இடம்தான்" என்றார்.

நால்வரும் ஏறினார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடை, சாலைக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வழியாகப் போய் அப்பால் அருவியாக விழ வேண்டும். வேலிக்குக் கீழே குழாய் இருந்த பள்ளத்தைப் பார்த்தால் பள்ளமே இல்லை. பாட்டில், தட்டு, டம்ளர், சிப்ஸ் உறை எல்லாம் ஆள் உயரத்துக்கு நிரம்பி, மேலே சேறு படிந்து, புல்கூட முளைத்திருந்தது. வழியில்லாத தண்ணீர் சாலையோரமாகவே திரும்பிச் சரிவில் கசிந்து போய்க்கொண்டிருந்தது, டீக்கடைப் பெண்ணின் சமையலறையைப் பார்த்து.

மணி பன்னிரண்டு. வானம் ஏற்கெனவே கருத்துக்கொண்டிருந்தது. அட்டைக்காரர் இடுப்பு வரை சேற்றில் இறங்கி, முதல் பாட்டிலை எடுத்து அட்டை கட்டினார். இரண்டாவது பாட்டிலுக்கும் கட்டினார்.

"அண்ணே" என்றார் டிரைவர், மரியாதையாக. "ஒவ்வொண்ணுக்கும் கட்டினா அடுத்த மழைக்காலம் வந்துடும்."

அட்டைக்காரர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் உரியவர் என்ற இடம் காலியாக இருந்தது. எதிரே இருந்த குவியலுக்கு எத்தனை அட்டை வேண்டியிருக்கும் என்று பார்த்தார். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாரத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு வேலியோரம் கூடியவர்களில் காலையில் பார்த்த குல்லாய்க்காரரும் இருந்தார். எட்டிப் பார்த்தார். குவியலில் மஞ்சள் அட்டை கட்டிய பாட்டில் ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்தது. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். ஆக ஒன்பது பேர்; அட்டைக்காரர் சொல்லும்போது தொண்ணூறு.

இரண்டு மணி நேரம் வாரியும் தண்ணீர் போகவில்லை. குழாயின் வாயில் தோல் போல ஏதோ இறுக ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டிக் கயிற்றை அதன் மூலையில் முடிந்து ஒன்பது பேரும் இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் எல்லோரும் மல்லாந்து விழ, அது பிய்த்துக்கொண்டு வந்தது. குழாய் ஒருமுறை ஏப்பம் விட்டது. தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும் இரைந்துகொண்டு உள்ளே பாய்ந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து, கீழே தட்டிக்கு முன் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். முதுகுக்குப் பின்னால் நிஜ அருவி வந்து நின்றால் யார்தான் அலற மாட்டார்கள்?

சேற்றில் மல்லாந்து கிடந்த அட்டைக்காரர் மனைவியைத் தேடினார். அவள் அதற்குள் எழுந்து, வேறு பக்கம் திரும்பி வாயைப் பிளந்து நின்றாள்.

"என்னடி?"

"மலைங்க. முழுசாத் தெரிஞ்சுது, வெள்ளையா."

அவர் புரண்டு எழுந்து பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது.

இத்தனையும் சொல்லி முடித்து, அட்டைக்காரர் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து மச்சினன் முன் வைத்தார். "பொருள்: அருவி ஒன்று. நிறம்: வெள்ளை. நிலை: ஓடுகிறது." பின்னால் டீக்கடைப் பெண்ணின் கையெழுத்து.

"கையெழுத்து யாரு வேணா போடலாம்" என்றார் மச்சினன்.

அக்கா போனில் படத்தைக் காட்டினாள். "படத்தை எப்படி வேணா செய்யலாம் அக்கா. அருவி ஒண்ணும் சாவி இல்ல, தொலையறதுக்கு."

"சரி. அதை எது அடைச்சிருந்ததுன்னு நீ கேட்கவே இல்லையே" என்றார் அட்டைக்காரர்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தரையில் விரித்தார். எவ்வளவு கழுவியும் சேற்று வாடை போகவில்லை. ஃப்ளெக்ஸ் பேனர். ஓரங்கள் கிழிந்திருந்தன, நடுவில் எழுத்து தெளிவாக இருந்தது: "விசாரணைப் பிரிவு ஊழியர்கள் இன்பச் சுற்றுலா." எழுத்துக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு முகம். நாலாவது முகம், கறுப்புக் கண்ணாடி போட்டு, கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

மச்சினன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நாலாவது முகத்தையே பார்த்தார்.

"அவுத்துத்தான் வெச்சோம், காத்துல பறந்திருக்கும்" என்று ஆரம்பித்தார். பேனரின் ஒரு மூலையில், வேலியில் கட்டிய முடிச்சு அவிழாமலே அறுந்த கயிறு தொங்கியது. எத்தனையோ பேரின் பொய்யைக் கயிற்றின் நுனி பார்த்தே பிடித்தவர் அவர். தன்னுடையதைப் பிடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. "இல்ல. வேலியில கட்டிப் படம் எடுத்தோம். பஸ் ஹார்ன் அடிச்சான். அவுக்க நேரமில்லைன்னு நான்தான் சொன்னேன். கெடக்கட்டும், யாராவது பார்த்துப்பாங்கன்னேன்."

"அந்தப் பொண்ணு பார்த்துக்கிட்டா. எட்டு மாசம், பக்கெட்டால" என்றாள் அக்கா.

மச்சினன் தலையைத் தூக்கவில்லை. "அன்னிக்கு மழை வந்துதா?"

"பேய் மழை."

"செவுரு?"

அன்று அவர் கேட்டதிலேயே சாட்சி தேடாத கேள்வி அது ஒன்றுதான். அட்டைக்காரர் அதற்கு மட்டும் மிகைப்படுத்தாமல் பதில் சொன்னார். "நின்னுடுச்சு. மழைத்தண்ணி முழுக்க அருவியிலயே போயிடுச்சு. ஆனா செவுரு ஈரம் இன்னும் காயல. பின்பக்கம் முழுக்க எடுத்துக் கட்டணும். சாமானை மட்டும் அவங்க வண்டியில ஏத்தவே இல்ல."

"அடுத்த மாசம் லீவு இருக்கு. நான் போய் கூடமாட நின்னு கட்டிக் கொடுத்துட்டு வரேன். மத்த பதினொரு பேரையும் இழுத்துட்டுப் போறேன்."

"போ. போகும்போது ஒண்ணு நெனப்புல வெச்சுக்கோ மாப்ளே. நாம தொலைச்சது நமக்குத் திரும்பக் கிடைக்காமப் போகலாம். ஆனா நாம வீசினது எதுவும் காணாமப் போறதில்ல. நம்ம கண்ணை விட்டுப் போனதும் யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள போய் நிக்கும். குப்பையை வீசறவன் இடத்தைச் சுத்தம் பண்ணல, ஆளை மாத்தி விடறான், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு புது அட்டை ஒன்றை எடுத்து எழுதி, பேனரின் மூலையில் கட்டினார். "பொருள்: பேனர் ஒன்று. நிலை: சிரிக்கிறது." உரியவர் என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார்.

மச்சினன் அட்டையை இரண்டு முறை படித்தார். பழக்கதோஷத்தில் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"நடந்ததுதான் அத்தான்" என்றார். "எல்லாமே நடந்ததுதான்."