மேடையில் செத்தவன் எழுந்திருக்க வேண்டும்

மாதவிக்கு மூடி மறைத்துப் பேசத் தெரியாது. நாடகத்தில் என்னென்ன வரும் என்று அம்மாவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாள். மோட்டார் சைக்கிளில் போகிற பையன் ஒருவன் லோரியில் அடிபட்டுச் சாகிறான். அவனுடைய தங்கையாக அவள் நடிக்கிறாள். கடைசியில் அவன் உடல் மேடையில் கிடக்கும்.

"அண்ணன் கதை இல்லம்மா. ஆனா அண்ணனுக்கு நடந்த மாதிரிதான்," என்றாள். "நீ வரலன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குமுதா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மகன் செல்வா போய் இரண்டு வருடமாகிறது. ஜெராம் சாலையில், வேலை முடிந்து வரும் வழியில், அவனுக்கும் ஒரு லோரிதான் எமன். அன்றிலிருந்து எங்கேயாவது லோரி ஹாரன் அடித்தால் அவள் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். கோலா சிலாங்கூரில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பொழுதெல்லாம் போகிற சாலையோரத்தில் குடியிருந்துகொண்டு அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"வரேன்," என்றாள்.

அது வெறும் ரோஷம் இல்லை. செல்வா போன பிறகு மாதவியின் பட்டமளிப்புக்குக்கூட அவள் போகவில்லை. மாதவி அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை; சொல்லிக்காட்டியிருந்தாலாவது தேவலை. இந்த ஒன்றையாவது கடைசிவரை இருந்து பார்த்துவிட வேண்டும், இருக்கிற பிள்ளையையும் கைவிட்டுவிட்டோம் என்றாகிவிடக் கூடாது என்று குமுதாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

மாதவி கெட்டிக்காரி. அம்மாவுக்கு வாசல் பக்கம் ஓரத்து நாற்காலி பிடித்து வைத்தாள். பக்கத்தில் முரியல். முரியலும் குமுதாவும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். மாதா கோவில் பாட்டுக்குழுவில் முரியல் பாடினால் மைக் தேவையில்லை.

"ஹாரன் வர்றதுக்கு முன்னால மேடைல செவப்பு லைட் வரும் ஆன்ட்டி. அத பாத்ததும் அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போயிருங்க. கடைசி சீனுக்கு வந்தா போதும்."

"நீ ஒன் வசனத்த ஒழுங்கா பேசு லா. ஒங்கம்மாவ நான் பாத்துக்கறேன்," என்றாள் முரியல்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நாடகத்தை நடத்திய சங்கத்தின் தலைவர் தேவதாஸ் கண்ணில் படும் வரை. நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவரை மதிக்கிறோம் என்றால் அவரைப் பிடித்து முன்வரிசையின் நட்டநடுவில் உட்கார வைத்தே ஆகவேண்டும். அந்த மனிதருக்கு அவசரமா, தலைவலியா, யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபம் நிரம்பிக்கொண்டிருந்தபோது, முரியல் குடிக்க ஏதாவது வாங்கிவரப் போன அந்த நேரம் பார்த்து, தேவதாஸ் பொன்னாடையோடு வந்து நின்றார்.

"நடிக்கிற பொண்ணோட அம்மா இப்பிடி வாசல்ல ஒக்காந்தா நல்லாவா இருக்கு? முன்னால வாங்க தங்கச்சி."

"வேணாம் அண்ணே, நான் இங்கயே..."

"மரியாதைய வேணாம்னு சொல்லக்கூடாது."

பொன்னாடை தோளில் விழுந்தது. படம் எடுத்தார்கள். குமுதா தலைவருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டாள். முரியல் இரண்டு கையிலும் ஐஸ் போட்ட சிவப்புச் சிராப் சர்பத் குவளைகளோடு திரும்பி வந்தபோது ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது, விளக்கும் அணைந்துவிட்டது.

நாடகம் நன்றாகத்தான் போனது. அண்ணனாக நடித்த பவனேஷ் தங்கையின் தலையில் குட்டிவிட்டு ஓடினான், கூட்டம் சிரித்தது, குமுதாவும் சிரித்தாள். செல்வாவும் அப்படித்தான் குட்டுவான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேடை சிவந்தது.

எழுந்திருக்க வேண்டும். எப்படி? இந்தப் பக்கம் தலைவரின் முழங்கால், அந்தப் பக்கம் விருந்தினரின் முழங்கால், தோளில் சரிகைப் பொன்னாடை, எதிரே மகள். எழுந்தால் மண்டபமே பார்க்கும். மாதவி பார்ப்பாள். அவள் இப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்துவிட்டது.

நீளமான ஹாரன். குமுதாவுக்கு மூச்சு பாதியில் நின்றது. கண்ணெதிரே மேடை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் அதன் மேல் செல்வாவும்தான்.

"தலைவரே, கொஞ்சம் கால மடக்குங்க. இந்தம்மா வெளிய போவணும்."

பாட்டுக்குழுக் குரல். பாதி மண்டபம் திரும்பிப் பார்த்தது. முரியலுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையே கிடையாது. குமுதாவின் கையைப் பிடித்து, விருந்தினரின் பளபளப்பான சப்பாத்துக் காலை மிதித்து, விறுவிறுவென்று வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அழாதே என்றோ, எல்லாம் கடவுள் சித்தம் என்றோ முரியல் சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார வைத்து, எதிரே நிறுத்தியிருந்த காரைக் காட்டினாள்.

"அந்தக் காரு என்னா நெறம்?"

"நீலம்."

"நம்பர படி."

குமுதா தட்டுத்தடுமாறிப் படித்தாள். முரியல் வாசலோரம் வைத்துவிட்டுப் போயிருந்த குவளை ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். "சில்லுன்னு இருக்கா? நல்லா பிடி. ஒரு வாய் குடி."

குடித்தாள். மூச்சு மெல்ல மெல்லத் தன் நடைக்கு வந்தது. அப்புறம்தான் அழுகை.

"ஓடி வந்துட்டேன்க்கா. அவ பாத்திருப்பா. பட்டமளிப்புக்கும் போவல, இதுலயும் பாதியில எழுந்து வந்துட்டேன். என்னா நெனப்பா?"

"நீ எங்க ஓடுன? வெளிய வந்து ஒக்காந்திருக்க. திரும்பிப் போவலாம், போவாமலும் இருக்கலாம். கதவு தொறந்துதான கெடக்கு."

குமுதா குவளையோடு எழுந்து, கதவருகே போய் நின்றாள்.

கடைசிக் காட்சி. பவனேஷ் மார்புவரை வெள்ளைத்துணி போர்த்திப் படுத்திருந்தான். மாதவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விரலால் அவன் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவளின் கண் முன்வரிசைக்குப் போனது. நடு நாற்காலி காலி. குமுதா கதவருகிலிருந்து கையைத் தூக்கினாள். இருட்டில் அது மகளுக்குத் தெரியவில்லை. மாதவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரை விழவில்லை. நடிகர்கள் வந்து கும்பிடவும் இல்லை. உடல் மட்டும் ஒற்றை விளக்கின் கீழ் கிடந்தது. எல்லாரும் பேசாமல் கலைந்து போக வேண்டும், பாரத்தை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பது கோலாலம்பூரிலிருந்து வந்த இயக்குநர் தம்பியின் ஏற்பாடு. பெரிய யோசனைதான். ஆனால் அந்தத் தம்பி தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை. குமுதாவின் தோட்டத்தில், கோவில் திருவிழா நாடகத்தில் செத்தவன் எழுந்து முகம் காட்டாமல் ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போகமாட்டார். எழுப்பி, ஆரத்தி சுற்றி, அப்புறம்தான் பாயைச் சுருட்டுவார்கள். நடித்தவனுக்கும் அது நல்லது, பார்த்தவர்களுக்கும் நல்லது.

கூட்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறியது. குமுதா எதிர்த்திசையில் நடந்தாள். முரியல் பொன்னாடையின் நுனியைப் பிடித்தாள். "எங்கடி போற?"

"அவன அப்பிடியே விட்டுட்டுப் போறாங்கக்கா."

மேடை ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தம்பி."

அசையக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. ஆனால் மார்பு ஏறி இறங்கியது. குமுதா அதையே பார்த்தாள்.

"எந்திரிய்யா."

ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன சொல். நர்ஸ் வந்து தோளைப் பிடித்து விலக்கும்வரை அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. காலையில் மாதவியை எழுப்பக்கூடக் கதவைத் தட்டுவதோடு சரி.

"எந்திரிய்யா. முடிஞ்சிருச்சு. அம்மா கூப்புடறேன்ல."

பவனேஷ் கண்ணைத் திறந்தான். ஓரத்தில் நின்ற இயக்குநரைப் பார்த்தான். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"சாரி ஆன்ட்டி. கால் மரத்துப்போச்சு."

குமுதா அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். வாசல்வரை போனவர்கள் நின்று திரும்பினார்கள். யாரோ ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் எங்கே போவது? கையில் பாதிக் குவளை சிராப் இருந்தது. சிவப்பாகத்தானே இருக்கிறது என்று அதையே அவன் முகத்துக்கு நேராகச் சுற்றினாள்.

"ஐஸ்கட்டிய எடுத்துட்டு சுத்து லா, பையன் சட்டைல விழப்போவுது," என்று கீழேயிருந்து முரியல் கத்தினாள்.

மாதவி ஓடி வந்தாள். முகத்துச் சாயமெல்லாம் கரைந்திருந்தது. "நீ போயிட்டன்னு நெனச்சேம்மா."

"போனேன். வந்துட்டேன். நீயும் நில்லு, அவன் பக்கத்துல."

"நான் நாடகத்துல சாகலியேம்மா."

"ரெண்டு வருஷமா ஒன்ன நான் பாக்கவே இல்ல," என்றாள் குமுதா. "பேசாம நில்லு."

சுற்றினாள். சிராப்பைத் தொட்டு இருவர் நெற்றியிலும் வைத்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. மீதியை மழைக்கால்வாயில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை தோசைக்கல் காய்ந்ததும் குமுதா மகளின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"மாதவி, எந்திரிம்மா. பசியாற வா."

"அஞ்சு நிமிஷம்மா," என்று உள்ளேயிருந்து முனகல் வந்தது. குமுதா அங்கேயே நின்றாள். கட்டில் கிறீச்சிட்டது, தரையில் கால் ஊன்றும் சத்தம் கேட்டது. மாதவி எழுந்து வந்தாள்.