கணக்கில் இல்லாத பஸ்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் முதல் ஷிஃப்ட் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். கோதண்டம் ஓட்டும் வெள்ளை பஸ் இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

“இன்னா வினோ, இன்னிக்கும் முகூர்த்தமா?” என்றாள் அமலா, பக்கத்தில் நின்ற வினோதினியிடம். அமலாவுக்கு வயரிங் லைனில் வேலை. இந்த மாதம் இரண்டு முறை லேட். இன்னொரு முறை ஆனால் பர்மனென்ட் ஆக்கும் பேச்சே கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

வினோதினி அக்கவுண்ட்ஸில் இருப்பவள். பஸ் வராததன் காரணம் அவளுக்குத் தெரியும். கம்பெனியின் எல்லா நாட்டுக் கிளைகளும் ஒரே விதியில் கணக்கு எழுத வேண்டும் என்று வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் சொன்னது. நல்லதுதான் என்று அவளும் நினைத்தாள். அந்த விதிப்படி, ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்த வாடகை பஸ் கம்பெனியின் கடனாகக் கணக்கில் ஏறியது. பஸ் அதேதான், கிழிந்த சீட்டும் அதேதான். ஆனால் இவர்களுடைய ஒரகடம் ஆலைக்குக் கடன் கூடிவிட்டதாகத் தலைமை அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போகாத வாடகையைக் கடனில் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே மேலாளர் நம்பிராஜன் ஒப்பந்தத்தை மாத வாடகையாக மாற்றினார். கடன் மறைந்தது. பாராட்டி மெயில் வந்தது, கேக் வெட்டினார்கள். மாத வாடகை ஆனதும் பஸ் முதலாளி திருமலைக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. முகூர்த்த நாட்களில் பஸ்ஸைக் கல்யாணத்துக்கு விட்டுவிடுகிறார்.

நேற்றுதான் அவள் நம்பிராஜனிடம் போய்க் கேட்டிருந்தாள்.

“சார், பஸ் வராத நாள்ல லேட் போட வேணாம்னு எச்.ஆர்.ல சொல்லுங்க சார்.”

“ஷேர் ஆட்டோ ஓடுதேம்மா. நாம எந்த ரூலையும் மீறலையே.”

இப்போது அதையெல்லாம் அமலாவிடம் சொன்னாள்.

“அப்போ பஸ்ஸு கீது, கணக்குல இல்ல?”

“ஆமாக்கா.”

“நான் லேட்டா வந்தா மட்டும் கணக்குல கீறேன். நல்லா கீதும்மா உங்க ஒலகம்.”

யாரும் சிரிக்கவில்லை. நின்ற ஷேர் ஆட்டோக்களில் ஆண்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வளைவில் அவர்களுடைய பஸ் திரும்பியது. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, உள்ளே பட்டுப்புடவைகள். ஆயுத பூஜைக்கு இந்தப் பெண்கள் வைத்த சந்தனப்பொட்டு கண்ணாடி ஓரத்தில் இன்னும் அழியவில்லை. கோதண்டம் அவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

அமலா சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாலையின் நடுவே போய்த் தினமும் நீட்டுவதுபோல் கையை நீட்டினாள். பிரேக் கிறீச்சிட்டது. வாழையிலை அவள் நெற்றியை உரசி நின்றது.

“அமலா, தள்ளும்மா! மணிமங்கலம் போணும், பொண்ணு வூட்டுக்காரங்க கீறாங்க!”

அவள் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. வினோதினி சாலையில் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.